பழைய கைக்குண்டுகளைத் தொடாமல் இனங்காணல்

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கும் கட்டைபறிச்சானில் ஒரு பழைய கைக்குண்டு வெளிப்பட்டால், அது எந்த யுத்தத்தினது என்ற கேள்விக்கே நாலைந்து விடைகள் உண்டு. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் திருகோணமலைத் துறைமுகம். 1957 வரை அங்கே பிரித்தானியக் கடற்படையின் தளம் இருந்தது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்தது. அதன் கடைசி அணி கப்பலேறியதும் திருகோணமலையிலிருந்துதான், 1990 மார்ச்சில். அதற்கு முன்னும் பின்னும் தமிழ் ஆயுத இயக்கங்களும் இலங்கை இராணுவமும் இந்த மண்ணில் மாறி மாறி நின்றன. 2006 ஓகஸ்டில் மூதூரைச் சுற்றி நடந்த சண்டையும், செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனதும் இந்த ஊர்களை இடம்பெயர வைத்தன. சனம் திரும்பி வந்து காணி துப்புரவாக்கியபோதும், கிணறு இறைத்தபோதும், மண் வெட்டியபோதும் வெளிவந்த இரும்பில் எல்லா யுத்தங்களும் கலந்துதான் இருந்தன.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு எழுதப்படும் கையேடுகள், குண்டைக் கையில் எடுத்து, திருப்பி, அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்கச் சொல்வதிலிருந்து தொடங்கும். இந்த அத்தியாயம் அப்படித் தொடங்காது. இங்கே ‘சேகரிப்பு’ என்று நான் சொல்வது பாடசாலையின் வரலாற்று மூலையை, வாசிகசாலையின் கண்ணாடி அலுமாரியை, ஒரு வீட்டுப் பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடப்பதை, பழைய இரும்புக் கடையின் குவியலை. இவற்றில் எதற்கும் குண்டு முறைப்படி வந்து சேர்ந்திருக்காது. யாரோ கண்டெடுத்து, யாரோ கொண்டுவந்து வைத்ததாகவே இருக்கும்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கைக்குண்டு சேகரிப்பது ஒரு பொழுதுபோக்கு அல்ல. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும், 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் தாக்கும் ஆயுதங்கள் சட்டமும் இதில் குறுக்கிடும். “பழையது, வேலை செய்யாது” என்ற விளக்கத்தை நம்பி எவரும் ஒன்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் திருகோணமலை உவர்மலையில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணைப் பழக்கிக்கொள்ள அவை போதும்.

பெயர் வேறு, நிலை வேறு

ஒரு குண்டைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் எழும். இது என்ன வகை? இது உயிரோடு இருக்கிறதா? முதலாவதற்கு ஓரளவு பயிற்சியுள்ள எவரும் தள்ளி நின்றே விடை சொல்லலாம். இரண்டாவதற்கு இந்த நூலை வாசித்த ஒருவரால் விடை சொல்லவே முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் மட்டுமே. பெரும்பாலான விபத்துகள் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதன் விடையாக எடுத்துக்கொண்டதால் நடந்தவை. “இது இரண்டாம் உலகப்போர்க் குண்டு” என்பது வயதைச் சொல்கிறது. வயது வெடிமருந்தைச் செத்ததாக்கிவிடுவதில்லை.

அமெரிக்காவில் 2020இல் நடந்ததைப் பாருங்கள். வட கரோலினாவில் பழம்பொருட்கள் விற்கும் ஓர் இடத்தில் வெறும் கூடு என்று நம்பி வாங்கப்பட்ட கைக்குண்டு, அந்த டிசம்பரில் வேர்ஜீனியாவின் அபிங்டன் நகரத்தில் ஒரு பதின்ம வயதுப் பையனைக் கொன்றது. அதே இடத்தில் விற்கப்பட்ட மற்றக் குண்டுகளைத் தேடி, வாங்கியவர்கள் தொடர்புகொள்ள வேண்டும் என்று அந்நாட்டு அரசு பகிரங்கமாக அறிவித்தது. 2023 மே மாதம் இந்தியானா மாநிலத்தில் தாத்தாவின் பொருட்களுக்குள் இருந்த குண்டின் பின்னை யாரோ இழுத்ததில் ஒருவர் இறந்தார். பிள்ளைகள் இருவர் காயப்பட்டார்கள். 2008இல் வேர்ஜீனியாவில் இறந்தவரோ அனுபவமுள்ள சேகரிப்பாளர். அவர் துப்புரவாக்கிக்கொண்டிருந்தது 1860களின் உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு. அடைத்த இரும்புக்குள் காயாமல் கிடந்த கரிமருந்து, ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் தன் வேலையைச் செய்தது.

இந்தக் கடைசிச் சம்பவம் திருகோணமலைக்காரர் கவனிக்க வேண்டியது. அங்குள்ள பிரட்றிக் கோட்டையைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்தும் இழந்தும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கைக்குண்டு என்பது உள்ளே குடைவான வார்ப்பிரும்பு உருண்டை. திரி செருக ஒரு துவாரம் இருக்கும். துவாரமுள்ள சின்ன இரும்பு உருண்டை கடற்கரையில் கிடைத்தால் அதை ‘பழைய காலத்துச் சாமான்’ என்று கொண்டுபோய்ச் சுத்தியலால் துருத் தட்ட வேண்டாம்.

நம்ப முடியாத அடையாளங்கள்

ஊரில் கைக்குண்டு ஒன்றைக் காட்டி “இது பயமில்லை” என்று சொல்பவர் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நீல நிறம், எனவே பயிற்சிக் குண்டு என்பார். அமெரிக்கப் படையிலும் நேட்டோ நாடுகளிலும் நீலம் பயிற்சிக்குரியதுதான். ஆனால் பயிற்சிக் குண்டிலும் உண்மையான பற்றவைப்பான் இருக்கும். அது தனியே விரல்களைப் பறிக்கப் போதும். வர்ணம் என்பது எவரும் பூசக்கூடியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடியில் ஓட்டை இருக்கிறது என்பார். தொழிற்சாலையில் துளைத்த ஓட்டை பயிற்சிக் கூட்டின் அடையாளம். துரு அரித்த ஓட்டை எதன் அடையாளமும் அல்ல. தள்ளி நின்று பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. பின் இல்லை, லீவர் இல்லை, ஆகவே அது ஏற்கெனவே எறிந்து வெடிக்காமல் போனது என்பார். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அடிப்பான் பாதி வழியில் துருவில் சிக்கி நிற்கிறதா, இடித்தும் நெருப்புப் பிடிக்கவில்லையா என்பது வெளியே தெரியாது. மேல்மூடிப் பகுதியே இல்லை, வெறும் உடம்புதான் என்பார். பல வகைக் குண்டுகளில் டெட்டனேற்றரைத் தனியே வைத்துத்தான் அனுப்புவார்கள். மேலே பிளாஸ்டிக் அடைப்பானோ வெறும் துவாரமோ தெரிந்தாலும் உள்ளே மருந்து நிறைந்திருக்கலாம்.

துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது கரையில் உப்புக்காற்றுத்தான் முதல் எதிரி. பின் என்பது மெல்லிய இரும்புக் கம்பி. அது பிடித்துக்கொண்டிருப்பது லீவரை. லீவர் பிடித்துக்கொண்டிருப்பது அமுங்கிய வில் ஒன்றை. கம்பி கரைகிறது, லீவர் மெலிகிறது, வில்லோ பல பத்தாண்டுகளாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அலுமாரியில் முப்பது வருடம் பேசாமல் இருந்த பொருள் தூசு தட்டும்போது ஏன் வெடித்தது என்று எவரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

மில்ஸ்: அதிகம் பேச வேண்டிய குண்டு

இந்தப் பகுதியில் ‘பழைய கைக்குண்டு’ என்றால் முதலில் நினைக்க வேண்டியது மில்ஸ். பேர்மிங்ஹாம் நகரத்து வில்லியம் மில்ஸ் 1915இல் கொண்டுவந்த வடிவம். முதல் உலகப்போரில் மட்டும் 7 கோடிக்கு மேல் செய்தார்கள். 5ஆம் இலக்கத்தில் தொடங்கி, 23 வழியாக, 1918இல் 36ஆம் இலக்கத்துக்கு வந்தது. அதன்பின் ஈரம் புகாதபடி அரக்குப் பூசிய 36எம் வகைதான் பிரித்தானியப் படைகளோடு வெப்ப நாடுகளெங்கும் போனது. எடை ஏறக்குறைய 765 கிராம்.

தள்ளி நின்று பார்க்கும்போது நான்கு விசயங்களைத் தேடுங்கள். உடம்பு வார்ப்பிரும்பு, குறுக்கும் நெடுக்குமாக ஆழமான வெட்டுகள் சதுரங்களாகப் பிரித்திருக்கும். உச்சியில் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பின் அவற்றின் ஊடாகத்தான் போகும். அந்தக் காதுகளுக்கு நடுவிலிருந்து தொடங்கும் லீவர் பக்கவாட்டில் உடம்பை ஒட்டி இறங்கும். தோளில், ஒரு பக்கமாக, மருந்து நிரப்பும் திருகுமூடி இருக்கும். காதுகளும் பக்கத் திருகும் சேர்ந்து தெரிந்தால் வேறு வகை என்று சந்தேகப்பட அநேகமாக இடமில்லை. குண்டு சரிந்து கிடந்தால் அடியில் அகலமான திருகு மூடியும் தெரியலாம்.

அந்தச் சதுரங்கள் வெடிக்கும்போது துண்டு துண்டாகப் பிரிவதற்கானவை என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பாடப் புத்தகம் எழுதியவர்களும்கூட. மில்ஸின் நோக்கம் சேறு படிந்த கையிலும் வழுக்காமல் பிடிப்பதுதான். உடம்பு தன் இஷ்டத்துக்கு உடையும். சில துண்டுகள் பெரிதாக, எதிர்பாராத தூரத்துக்குப் போகும். எறிகிறவரால் ஏறக்குறைய 30 மீற்றர்தான் வீச முடியும் என்பதால், எறிந்தவரும் மறைவில் இருந்தாக வேண்டிய குண்டு இது.

வர்ணம் தப்பியிருந்தால் அதையும் பதியுங்கள். இரண்டாம் உலகப்போர்க்காலத்தவற்றில் நடுவில் ஓடும் பச்சைப் பட்டை பரட்டோல் என்ற மருந்தைக் குறிக்கும். மேலே சுற்றிவரும் சிவப்புக் குறிகள் மருந்து நிரப்பப்பட்டது என்பதைச் சொல்லும். குறிகள் இருந்தால் நிரம்பியது என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வெறுமையானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நமது ஈரத்தில் வர்ணம் எத்தனை வருடம் நிற்கும்?

ஒரு மில்ஸ் எந்த யுத்தத்தினது என்பதைச் சொல்லும் சான்று, தொடாமல் பார்ப்பவருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. செய்தவர் பெயரும் இலக்கமும் ஆண்டும் அடிமூடியில் பொறிக்கப்பட்டிருக்கும். 36ஆம் இலக்கம் பிரித்தானியரோடு ஓய்ந்துபோகவில்லை. இந்தியத் தொழிற்சாலைகள் அதைத் தொடர்ந்து செய்தன. 2021 ஓகஸ்டில் நாக்பூரில் புதிய வகைக் கைக்குண்டுகள் கையளிக்கப்பட்ட காலம்வரைக்கும் இந்திய இராணுவத்தின் கையில் இருந்தது அதுதான். எனவே கட்டைபறிச்சானில் ஒரு மில்ஸைக் கண்டு “வெள்ளைக்காரன் காலத்தது” என்று அட்டை எழுதுவது அவசரம். 1942இல் செய்ததும் 1980களில் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். அடிமூடியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும், வரட்டும். செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வரும்போது, முடிந்தால் அந்த மூடியைப் படமெடுத்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கும் திரியும் அப்படித்தான். முதலில் 7 வினாடி எரியும் திரி இருந்தது. 1940இல் பிரான்ஸில் நடந்த சண்டைக்குப் பிறகு கையால் எறிவதற்கு 4 வினாடித் திரி வந்தது. துப்பாக்கியிலிருந்து ஏவுவதற்கு 7 வினாடி தொடர்ந்தது. வெளியே இருந்து எதுவென்று தெரியாது. அறுபது எழுபது வருடம் நனைந்து காய்ந்த திரிக்கு இந்த இரண்டு எண்ணும் பொருந்தாமலும் போகலாம்.

மற்றவை

அமெரிக்க மார்க் 2 திரைப்படங்களால் எல்லாருக்கும் பழக்கமான அன்னாசி வடிவம். வார்ப்பிரும்பு உடம்பில் எட்டுப் புடைப்புகள் வீதம் ஐந்து வரிசை. மில்ஸின் காதுகள் இதில் இல்லை. தலைப்பகுதி தனியே திருகி ஏற்றியதாகத் தெரியும். ஆரம்பத்தில் முழு மஞ்சள், பின்னர் ஒலிவ் பச்சையில் மஞ்சள் பட்டை. உலகில் அதிகம் போலி செய்யப்பட்ட குண்டும் இதுதான். மேசை அலங்காரமாக விற்பவற்றில் பெரும்பாலானவை இதன் நகல். நகலா அசலா என்று சோதிக்கும் வேலை உங்களுடையது அல்ல. அதற்குப் பின்வந்த எம்26, எம்67 இரண்டும் வழுவழுப்பான உருக்குத் தகட்டு உடம்பு கொண்டவை. முதலாவது எலுமிச்சை வடிவம், இரண்டாவது ஏறக்குறைய முழு உருண்டை.

சோவியத் வழிவந்தவற்றில் எப்-1 வார்ப்பிரும்பு, வெட்டுகள் உள்ளது, ஏறக்குறைய 600 கிராம். ஆர்ஜிடி-5 அதில் பாதி எடை. வழுவழுப்பான பச்சை உடம்பு, இரண்டு பாதிகளைச் சேர்த்த வரம்பு நடுவில் சுற்றிவரத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வகையான உயர்ந்த, ஒடுங்கிய தலைதான். சீனாவிலும் பிற நாடுகளிலும் இவற்றைப் பார்த்துச் செய்தவை உண்டு. ஆகவே வடிவத்தை வைத்து நாட்டைச் சொல்லிவிட வேண்டாம், ‘ஆர்ஜிடி-5 வகை’ என்று எழுதுவதே சரி. மரப்பிடியுள்ள குண்டு கண்டால் ஜேர்மன் என்று எழுதுவதும் அப்படித்தான் பிழை. சீனா பிற்காலம் வரை மரப்பிடிக் குண்டு செய்தது.

யப்பானிய 97ஆம் வகையைக் கொண்டுவந்து, 1942 குண்டுவீச்சில் விழுந்தது என்று யாராவது சொன்னால் கதையைச் சந்தேகியுங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையையும் சீனக்குடாவையும் தாக்கியது விமானங்கள். யப்பானியக் காலாட்படை இங்கே இறங்கவில்லை. பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் நினைவுப் பொருளாகக் கொண்டுவந்திருக்க இடமுண்டு. கதையைச் சந்தேகிக்கச் சொன்னேன், குண்டை அல்ல.

பிரித்தானியரின் 69ஆம் இலக்கம் கறுத்த பேக்கலைட் உடம்பு கொண்டது. பழைய மைப்புட்டி என்றோ இயந்திரப் பாகம் என்றோ கடந்துபோவது எளிது. அதன் பற்றவைப்பான் விழும் கோணம் எதுவானாலும் தட்டினவுடன் இயங்கும்படி செய்யப்பட்டது. 77ஆம் இலக்கம் போன்ற தகரக் குண்டுகளில் வெள்ளைப் பொசுபரசு இருக்கும். தகரம் உக்கிக் காற்றுப் பட்டதும் தானே பற்றும். தகர டப்பா மாதிரிப் பொருளிலிருந்து வெண்புகை வருவதைக் கண்டால் தண்ணீர் ஊற்றியதோடு முடிந்தது என்று இருக்க வேண்டாம், காய்ந்ததும் மீண்டும் எரியும்.

கையேடுகளில் இல்லாதவை

வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நமது ஊரில் இனங்காணப் போனால் இரண்டு இடத்தில் இடறும்.

ஒன்று, டொங்கான் செல். எம்79 ஏவியிலிருந்து போகும் 40 மில்லிமீற்றர்க் குண்டு. பொன்னிற மூக்கோடு கைக்கடக்கமாக இருப்பதால் பிள்ளைகள் எடுப்பதும், பெரியவர்கள் இதைக் கைக்குண்டு என்று சொல்வதும் வழக்கம். கைக்குண்டு அல்ல. ஏவப்பட்டுச் சுழன்று சில பத்து மீற்றர் பறந்த பிறகுதான் இதன் உள்ளமைப்பு வெடிக்கத் தயாராகும். எனவே பறந்து விழுந்து வெடிக்காமல் கிடப்பது முழுக்கத் தயாரான நிலையில் கிடக்கிறது. பின்னோ லீவரோ கிடையாது, புரட்டுவதே போதும். வயலிலும் பற்றைக்குள்ளும் கிடப்பவற்றில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

மற்றது, உள்ளூர்ப் பட்டறைகளில் இயக்கங்கள் செய்தவை. ஜொனி மிதிவெடியும் துப்பாக்கியிலிருந்து ஏவும் அருள் என்ற குண்டும் பெயர்பெற்றவை. பெயர் தெரியாதவை இன்னும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த இரண்டு குண்டுகளுக்கு உள்ளே வேறு வேறு பற்றவைப்பான் இருந்திருக்கலாம். வார்ப்பு முரடாக, எழுத்தோ இலக்கமோ இல்லாமல், குழாய்த் துண்டு போலவோ திருகுமூடி போலவோ ஒன்றைக் கண்டால் ‘வகை தெரியவில்லை, உள்ளூர்த் தயாரிப்பாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். இந்த வரி பதிவேட்டில் இருப்பது அவமானமல்ல.

கொண்டுவந்தவரிடம் கேட்பது

பொருளைவிட அதன் வழியைக் கேட்பதால் அதிகம் தெரியவரும், கேட்பதில் ஆபத்தும் இல்லை. ஒரு பெரியவர் பையோடு வந்து மேசையில் வைத்துவிட்டால் அதட்ட வேண்டாம், பையை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். “ஐயா, அது அப்பிடியே இருக்கட்டும், வாங்கோ வெளியில நிண்டு கதைப்பம்” என்று அழைத்துப் போங்கள். அறையைப் பூட்டி, அக்கம்பக்கத்தாரை விலக்குங்கள். வெட்டவெளியில் கிடப்பதென்றால் குறைந்தது 200 மீற்றர். எப்-1 போன்றவற்றின் சிதறல் அவ்வளவு தூரம் போகும் என்று சொல்லப்படுகிறது. பிறகு கேளுங்கள்: எங்கே கிடந்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறென்ன இருந்தது, எப்போது எடுத்தது, யார் யார் கையில் இருந்தது, யாராவது துருத் தட்டினார்களா, எண்ணெய் போட்டார்களா, வர்ணம் பூசினார்களா. பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்ற கேள்விக்கு வரும் விடை சிலவேளை ஒரு முழுக் காணியையே துப்புரவாக்க வைக்கும்.

ஆட்கள் அறிவிக்காமல் இருப்பதற்குக் காரணம் குண்டைப் பற்றிய அறியாமை அல்ல, விசாரணையைப் பற்றிய பயம். நமது பிரதேசத்தில் அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லி எவரையும் சமாதானப்படுத்த முடியாது. அதனால்தான் இரவோடிரவாகப் பாழ்கிணற்றில் போடுவதும் களப்பில் எறிவதும் நடக்கிறது. களப்பில் எறிந்தது ஒரு நாள் வலையில் வரும். தனியே பொலிசுக்குப் போகத் தயங்குகிறவருக்காகக் கிராம உத்தியோகத்தரோ அதிபரோ கோயில், பள்ளிவாசல் பொறுப்பாளரோ மூதூர்ப் பிரதேச செயலகம் ஊடாக அறிவிக்கலாம். அவசரமென்றால் பொலிஸ் 119. செயலிழக்கச் செய்ய விசேட அதிரடிப்படையின் அல்லது இராணுவத்தின் அணி வரும். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் பணியாளர் அருகில் வேலை செய்தால் அவர்களிடம் சொல்வதும் வழிதான். அவர்கள் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்தோடு தொடர்பில் இருப்பவர்கள்.

பழைய இரும்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தராசில் ஏறும் முன் குவியலைக் கண்ணால் பாருங்கள். தராசில் போட்ட பிறகு பார்ப்பது பிந்திய வேலை.

பதிவும் அட்டையும்

படம் எடுப்பதென்றால் நிற்கும் இடத்திலிருந்து பெரிதாக்கி எடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைக்கப் போக வேண்டாம், அருகிலிருக்கும் செங்கல்லோ கதவுநிலையோ படத்தில் வந்தால் அளவு தெரிந்துவிடும். பதிவேட்டில் வகையும் நிலையும் இரண்டு வேறு கட்டங்களாக இருக்கட்டும். வகைக் கட்டத்தில் ‘மில்ஸ் 36 வகை, காதுகளும் பக்கத் திருகும் தெரிகின்றன, காலம் உறுதியில்லை’ என்பது போல, கண்ட ஆதாரத்தோடு எழுதுங்கள். நிலைக் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும். அதை நிரப்ப அதிகாரமுள்ள அணி எழுத்தில் தந்த சான்று வரும்போது மட்டும், சான்றின் திகதியையும் இலக்கத்தையும் அங்கே சேருங்கள். வெடிமருந்து அற்ற கூடு என்ற சான்றும், வைத்திருக்க எழுத்து அனுமதியும் இல்லாத எதுவும் கண்ணாடி அலுமாரிக்குள் போகக் கூடாது.

பெரும்பாலும் நடப்பது வேறு. அணி வந்து, பொருளை எடுத்துப் போய், அல்லது கிடந்த இடத்திலேயே மண்மூட்டை அடுக்கி, வெடிக்கவைத்து அழித்துவிடும். அதோடு பதிவை வெட்டிவிட வேண்டாம். அழித்த திகதி, அழித்த பிரிவு, கிடைத்த இடம், தூரத்திலிருந்து எடுத்த படம், கிடைத்திருந்தால் அடிமூடிப் படம் எல்லாம் அதே இலக்கத்தின் கீழ் இருக்கட்டும். கண்காட்சியில் குண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தப் படத்தையும் பதிவுத் தாளின் பிரதியையும் வைக்கலாம்; மாணவர்களுக்கு வகையை விளக்க மரத்தில் கடைந்த மாதிரி ஒன்றை, மரம் என்று தெரியும்படி வர்ணம் பூசாமல் வைத்தால் போதும்.